சின்னக் கடைக்காரர் எவ்வளவு வாரண்டி கொடுக்கலாம்? (மருந்தடி மிஷின், பிரஷ் கட்டர்)

கேள்வி, 2025 மே 9

இடுக்கி மலையில் நெடுங்கண்டம் பக்கம் சின்னதாகக் கடை போடப் போகிறேன். பவர் ஸ்ப்ரேயர், பேட்டரி ஸ்ப்ரேயர், புல் வெட்டுகிற பிரஷ் கட்டர். பாதி கம்பெனி மால், பாதி கோயம்புத்தூரிலிருந்து பெயர் ஒட்டாமல் வருகிற மால். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு வருஷ வாரண்டி என்று போர்டே வைத்திருக்கிறார். நான் ஒரு வருஷம் என்று சொன்னால் வியாபாரம் நடக்குமா? "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அடித்துவிட்டால் தலைவலி இல்லை என்கிறார்கள், உண்மையா? விற்றுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

மே 10

கம்பத்தில் இதே சரக்குதான் விற்கிறேன், கூடவே ஒரு பட்டறை. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலை ஏறிப் போகிறவர்கள். அதனால் உங்கள் ஊர் வாடிக்கையாளரை எனக்கும் தெரியும்.

போர்டைப் பார்த்து மிரளாதீர்கள் தம்பி. அந்தக் கடைக்குப் போய் ஹெச்டிபி 22 நம்பர் பம்புக்கு (பவர் ஸ்ப்ரேயரில் மருந்தை அழுத்தித் தள்ளுகிற பம்பு) சீல் கிட் இருக்கிறதா என்று கேளுங்கள். கையை நீட்டி எடுத்துக் கொடுத்தால் அவர் இரண்டு வருஷம் சொல்லத் தகுதியான ஆள். "ஆர்டர் போட்டிருக்கு, வெள்ளிக்கிழமை வரும்" என்றால் அந்த இரண்டு வருஷம் வெறும் பெயிண்ட். தோட்டத்தில் மிஷின் நின்றுபோனால் ஏலக்காய்க்காரருக்கு வேண்டியது பாகம், அதுவும் அன்றைக்கே. அந்த நேரத்தில் யாரும் வருஷக் கணக்குப் பேசுவதில்லை. பாகம் கிடைக்காதபோதுதான் வாரண்டி கார்டைத் தேடி எடுப்பார்கள், கூடவே குரலும் உயரும்.

எந்தப் பாகம் என் கடையில் இருக்கிறதோ அந்தப் பாகத்துக்குத்தான் என் வாயால் வாக்கு. மற்றதெல்லாம் கம்பெனி கொடுத்த வாக்கு. அதையும் அலைந்து வாங்கிக் கொடுப்பேன், ஆனால் எத்தனை நாள் இழுக்கும் என்பதை விற்கும்போதே சொல்லிவிடுவேன்.

மே 10, ராத்திரி

பில் வாசகம் பற்றித் தனியாக. அடிக்கவே அடிக்காதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2(47) என்று ஒரு பிரிவு இருக்கிறது, முறையற்ற வணிக நடைமுறை எவையெவை என்று சொல்வது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது, பணத்தைத் திருப்பித் தர மறுப்பது இரண்டும் அதில் வருகின்றன. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள். பில்லே கொடுக்காமல் விற்பதும் அதே வரிசையில்தான் வருகிறது. நாளை யாராவது புகார் கொடுத்தால் உங்கள் வாசகத்தையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

நிறைவேற்ற வழியே இல்லாத வாரண்டியை ஊருக்குச் சொல்வதும் அதே பிரிவில் வருகிறது. பக்கத்துக் கடை போர்டுக்கு இது பொருந்துமா என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் பக்கத்துக் கடை உண்டு.

மே 12

எதையெல்லாம் வைத்திருக்க வேண்டும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கம்பெனி கொடுக்கிற விலைப்பட்டியலைப் பார்த்து வாங்காதீர்கள், உடைந்து வந்த மிஷினைப் பார்த்து வாங்குங்கள். ஹெச்டிபி பம்பில் முதலில் போவது பிளஞ்சர் சீல், அடுத்து வால்வு, அப்புறம் பெல்ட். சீல் போவதற்குப் பாதிக் காரணம் தண்ணீர் இல்லாமல் ஓட்டுவது. டிரம்மில் மருந்து தீர்ந்தது தெரியாமல் மேலே கன் பிடித்திருப்பவர் "பிரஷர் வரலை" என்று கத்த, கீழே இருப்பவர் இன்ஜின் வேகத்தை ஏற்றுவார். அந்த ஐந்து நிமிஷத்தில் சீல் வெந்துவிடும். இது தயாரிப்புக் குறையா? இல்லை. இதற்கு நான் காசு வாங்குகிறேனா? முதல் தடவை வாங்குவதில்லை. சீல் கிட் விலை சில நூறு ரூபாய். அதைச் சும்மா மாற்றிக் கொடுத்து, ஏன் போனது என்று வெந்த சீலைக் கையில் கொடுத்துக் காட்டினால் அந்த ஆள் அடுத்த முறை டிரம்மைப் பார்ப்பார். இரண்டாவது தடவை காசு.

பேட்டரி ஸ்ப்ரேயரில் சண்டை எப்போதும் பேட்டரிக்குத்தான். உள்ளே இருப்பது 12 வோல்ட் 8 ஆம்பியர் லெட் ஆசிட் பேட்டரி. சீசன் முடிந்ததும் சார்ஜ் தீர்ந்த நிலையிலேயே ஸ்டோரில் தொங்கவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துக் கிடக்கும். கம்பெனி ஆறு மாதம் வாரண்டி தரும், ஆனால் "டீப் டிஸ்சார்ஜ்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடும். அவர்கள் சொல்வதும் தப்பில்லை, வாடிக்கையாளருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதும் தப்பில்லை. நான் மாதம் ஒரு முறை சார்ஜ் போடச் சொல்லி மிஷின் முதுகிலேயே தமிழிலும் மலையாளத்திலும் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். போனில் ஞாபகப்படுத்தவும் பார்த்தேன். "பணம் கேட்கத்தான் கூப்பிடுறார்" என்று எடுப்பதில்லை.

பிரஷ் கட்டரில் ஸ்டார்ட்டர் கயிறு, ஸ்பார்க் பிளக், பிரைமர் பல்பு, கார்புரேட்டர் டயாஃப்ரம் (பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற மெல்லிய ரப்பர்), கிளட்ச் ஷூ, நைலான் கயிறு சுற்றுகிற ஹெட். இவ்வளவு வைத்திருந்தால் பத்தில் எட்டு மிஷினை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். பிஸ்டன் வந்தால் மட்டும் கதை வேறு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

மே 13

"சும்மா மாற்றிக் கொடுத்தால் கடை எப்படி ஓடும்?" என்று ஒருவர். மிஷின் விற்ற அன்றே விலையில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் தனி டப்பாவுக்குப் போய்விடும். அந்த டப்பா என் வாரண்டி. வருஷக் கடைசியில் மீதி இருந்தால் பட்டறைப் பையன்களுக்கு. அதனாலேயே அவர்கள் விற்கும்போது டெலிவரிக்கு முன்னால் எல்லா நட்டையும் முறுக்கிப் பார்க்கிறார்கள்.

மே 15

பிஸ்டன் கதை.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்ட வேண்டிய டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில் பிஸ்டன் பிடித்து இறுகிவிட்டால் கம்பெனி ஆள் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் ஒரே வரி, "ஆயில் கலக்காமல் ஓட்டியது". பெரும்பாலும் அதுதான் உண்மையும். லிட்டருக்கு 40 மில்லி என்றால் 1:25, 20 மில்லி என்றால் 1:50. எந்த ஆயிலுக்கு எந்த அளவு என்று கையேட்டில் இருக்கும். தோட்டத்தில் அதை அளப்பது பாட்டில் மூடி. யார் பாட்டில், எந்த மூடி என்று கேட்கக் கூடாது.

ஆனால் எல்லாமே ஆயில் கேஸ் இல்லை. பிஸ்டனை எடுத்து வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். ஆயில் இல்லாமல் ஓடியதில் பெரும்பாலும் சுற்றிலும் கீறல் இருக்கும். காற்றுக் கசிந்து கலவை மெலிந்து சூடேறியதில் சைலன்சர் பக்கம்தான் கீறல் அதிகம். காற்றுக் கசிந்தது கேஸ்கெட்டிலோ கிராங்க் சீலிலோ என்றால் அது வாங்கியவர் செய்த தப்பு இல்லை, வாரண்டியில் வர வேண்டும். இப்படி ஒரு கிளைமை ஒரு கம்பெனி இரண்டு முறை திருப்பி அனுப்பியது. பிரிப்பதற்கு முன்பும் பின்பும் வாடிக்கையாளர் முன்னாலேயே படம் எடுத்து வைத்திருந்ததால் மூன்றாம் முறை சிலிண்டர் கிட் வந்தது. அதற்குள் புல் வெட்டுகிற சீசனே முடிந்துவிட்டது. வாங்கியவருக்கு வாரண்டி கிடைத்தது, லாபம் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து பிரிக்கும்போது படம், அதில் தேதி, டேங்கில் இருக்கிற பெட்ரோல் கொஞ்சம் பாட்டிலில். வாடிக்கையாளர் கையெழுத்தும் வாங்குகிறேன். இதைக் கடைக்காரர் செய்யாவிட்டால் கம்பெனிக்கும் தோட்டக்காரருக்கும் நடுவில் உரலுக்குள் தலையை விட்ட மாதிரிதான்.

மே 27

இந்த வருஷம் மழை 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. ஏலத்தோட்டத்தில் அழுகல் நோய்க்கு மழைக்கு முன்னால் அடிக்க வேண்டிய, துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பாதிப் பேர் அடித்து முடிக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மிஷினை எடுக்கிறார்கள், எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் படுக்கிறது.

"எத்தனை மாதம்" என்பதை விட "எத்தனை மணி நேரம்" என்பதே முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். நான்கு ஆள் கூலியும் கலக்கி வைத்த துத்தமும் சுண்ணாம்பும் ஒரு வால்வுக்காகக் காத்திருக்கின்றன. காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகிற ஜீப்பில் பாகத்தைக் கொடுத்துவிட்டால், தோட்டத்தில் ஆள் இறங்கும்போதே பாகமும் இறங்கிவிடும். என் சர்வீஸ் நெட்வொர்க் அதுதான். டிரைவர்களுக்கு டீ காசு.

போர்டோ அடித்த மிஷினைக் கழுவாமல் வைத்தால் சுண்ணாம்பு நாசிலை அடைக்கும், துத்தம் இரும்பைத் தின்னும். அந்த அரிப்புக்கு வாரண்டி கிடையாது என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் எழுதி வைத்தால் போதாது. மிஷின் வாங்கும்போது ஒரு வாளித் தண்ணீரை விட்டு ஓட்டிக் கழுவிக் காட்டுகிறோம்.

ஜூன் 2

"ஏலத்தோட்டம் என்றால் வியாபாரம், அவர் நுகர்வோரே இல்லை, கேஸ் நிற்காது" என்று செங்கோட்டை நண்பர் எழுதியிருக்கிறார். பாதி சரி. வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்றுதான் சட்டம் ஆரம்பிக்கிறது. கூடவே ஒரு விளக்கம் இருக்கிறது: சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கத்தில் சேராது. இரண்டு ஏக்கர் வைத்துத் தானே மருந்தடிக்கிறவர் நுகர்வோர்தான். கூலிக்குப் புல் வெட்டப் போகிறவரும் அப்படித்தான். பெரிய எஸ்டேட் கம்பெனி வேறு. அங்கேயும் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, உங்களை நம்பி வாங்கியிருந்தால், அந்த வேலைக்குப் பொருந்தும் பொருளைக் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. "சேட்டா, 200 அடி மேட்டுக்கு ஹோஸ் இழுக்கணும்" என்று சொல்லி வாங்கினவருக்குச் சின்னப் பம்பைத் தலையில் கட்டினால் வாரண்டி கார்டில் என்ன எழுதியிருந்தாலும் உங்கள் பாடுதான்.

இன்னொன்று. புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். மிஷினும் சேவையும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். இடுக்கிக்காரர் இடுக்கியில் கொடுத்தால் கம்பத்துக் கடைக்காரர் மலை ஏற வேண்டும். இப்போது வீடியோவில் ஆஜராகவும் வழி இருக்கிறது, ஆனால் அன்றைக்குக் கடையில் நெட் இருக்க வேண்டும். 1915 என்று ஒரு தேசிய உதவி எண் உண்டு. என் கடை பில்லில் அதையும் அச்சடித்திருக்கிறேன். நண்பர்கள் சிரித்தார்கள். இதுவரை என்னை விட்டுவிட்டு அந்த எண்ணுக்கு யாரும் போனதாகத் தெரியவில்லை.

ஜூன் 15

பெயர் ஒட்டாத மால் பற்றி. கேட்டவர் இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

43 சிசி, 52 சிசி என்று வருகிற டூ ஸ்ட்ரோக் மிஷின்களில் ஒரு வசதி: எல்லோரும் ஒரே வார்ப்பைத்தான் நகலெடுத்திருக்கிறார்கள். 43க்கு 40 மில்லிமீட்டர் பிஸ்டன், 52க்கு 44. கார்புரேட்டரும் பெரும்பாலும் மாறி உட்காரும். எந்த ஸ்டிக்கர் ஒட்டி வந்தாலும் பாகம் கிடைக்கும். அந்த வகையில் இதற்கு வாரண்டி கொடுப்பது, ஒரே ஒரு ஊரில் சர்வீஸ் சென்டர் வைத்திருக்கிற கம்பெனி மாலை விட எளிது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. ஹோண்டா ஜிஎக்ஸ் 35 மாதிரியே தோற்றத்தில் வருவதெல்லாம் உள்ளே ஒன்றில்லை. பெட்டி பிரித்து, ஒரு மிஷினை விற்காமல் பாகத்துக்காகவே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் நான் புது மாடலை விற்க ஆரம்பிப்பேன். அந்த ஒரு மிஷின் விலையை மற்றவற்றின் மேல் பிரித்துப் போடுங்கள். கசக்கும், ஆனால் பாகம் அலமாரியில் இருக்கும்.

இப்போது ஆபத்தான பக்கம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் பொருளால் வரும் காயத்துக்கும் சேதத்துக்கும் யார் பொறுப்பு என்று பேசுகிறது. மிஷின் தானாக நின்றுபோவது இதில் வராது. பிளேடு தெறித்துக் காலில் பாய்ந்தால் வரும். 86ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால் விற்றவர் மாட்டுவார். கம்பெனி வாரண்டிக்கு மேல் தானாக ஒன்றை எழுதிக் கொடுத்து அந்தப் பொருள் அதற்குப் பொருந்தாமல் போய்க் காயம் வந்தாலும் மாட்டுவார். மிஷினை மாற்றியமைத்து அந்த மாற்றமே காயத்துக்குப் பெரிய காரணமாக இருந்தாலும் அப்படியே. "பிளேடு கார்டைக் கழற்றிக் கொடுங்க சேட்டா, புல்லு சிக்குது" என்பார்கள், பிளேடை மறைக்கிற பாதுகாப்புத் தகட்டைத்தான். கழற்றவே மாட்டேன். வேண்டுமானால் வீட்டில் போய் அவரே கழற்றட்டும், என் பில்லில் கார்டு மாட்டிக் கொடுத்தது எழுதியிருக்கும்.

ஆகவே, பெட்டியின் மேல் தயாரித்தவரோ இறக்குமதி செய்தவரோ பெயர், முகவரி, புகாருக்கான தொடர்பு இல்லாவிட்டால் அந்தச் சரக்கை இறக்காதீர்கள். 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி அவை இருந்தே ஆக வேண்டும். "அதெல்லாம் எதுக்கு சார், விலையைப் பாருங்க" என்கிற சப்ளையரிடம் நீங்கள் வாங்குவது மிஷினையும் அவருடைய பொறுப்பையும் சேர்த்துத்தான்.

ஜூன் 16

ஜிஎஸ்டி கேட்டவருக்கு. வாரண்டியில் காசு வாங்காமல் பாகம் மாற்றினால் வாடிக்கையாளருக்கு வரி கிடையாது. 2023 ஜூலை 17 தேதியிட்ட 195ஆம் எண் சுற்றறிக்கை. அடுத்த வருஷம் ஜூனில் வந்த 216ஆம் எண் சுற்றறிக்கை முழு மிஷினை மாற்றிக் கொடுப்பதற்கும் இதைப் பொருத்திவிட்டது. நம் அலமாரியிலிருந்து மாற்றிவிட்டுக் கம்பெனியிடம் பில் போட்டுக் காசு வாங்கினால் அந்தத் தொகைக்கு வரி உண்டு. கம்பெனி பதிலுக்குப் பாகமாகவே அனுப்பினால் வரி இல்லை. கிரெடிட் நோட் (கணக்கில் வரவு வைக்கிற சீட்டு) கொடுத்தால் நாம் எடுத்த உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கியபோது கட்டி நம் வரியில் கழித்துக்கொண்டதை, திருப்ப வேண்டும். இந்தக் கடைசி வகையைத்தான் கம்பெனிக்காரர்கள் "சுலபம் சார்" என்பார்கள். அவர்களுக்குச் சுலபம். நான் பாகமாகவே கேட்பேன்.

ஜூலை 4

மாற்று மிஷின் கொடுப்பது பற்றி இரண்டு மனம்.

ரிப்பேர் முடிகிற வரை கடையிலிருந்து ஒரு மிஷினை இரவல் கொடுப்பதுதான் நியாயம் என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நானும் கொடுத்திருக்கிறேன். இரவல் மிஷினுக்கு யாரும் ஆயில் ஊற்றுவதில்லை. அவருடைய மிஷின் தயாரான பிறகும் "இந்த வாரம் முடியட்டும் அண்ணே" என்பார்கள். அப்புறம் திரும்பி வருவது மிஷினின் அஸ்தி. இப்போது பேட்டரி ஸ்ப்ரேயருக்கு மட்டும் இரவல், அதுவும் பழைய மிஷின். ஹெச்டிபிக்குப் பம்பை மட்டும் மாற்றி அனுப்புகிறேன், இன்ஜினும் ஹோஸும் அவருடையதே. பிரஷ் கட்டருக்கு இரவல் கிடையாது.

இதைப் படித்துவிட்டு "அப்போ பிரஷ் கட்டர்காரன் என்ன பாவம் செய்தான்" என்று ஒருவர் கேட்பார். பாவம் ஒன்றுமில்லை, அவர் மிஷினுக்குப் பாகம் என்னிடம் அன்றைக்கே இருக்கிறது.

ஜூலை 9

கேட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 3

கார்புரேட்டர் டயாஃப்ரம் முன்பெல்லாம் இரண்டு சீசன் தாங்கும். இப்போது ஒரு மழைக்காலத்திலேயே விறைத்துப்போய் வருகிறது. பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஈரம் கூடினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். டூ ஸ்ட்ரோக் டேங்கில் அந்த அடித்தண்ணீர் ஆயில் இல்லாமல் இன்ஜினுக்குள் போகிறது. பிறகு பிஸ்டன் கதைதான், மே 15 பார்க்கவும்.

எனக்குக் கோபம் எங்கே வருகிறது என்றால், சில மிஷின்களின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்று இருக்கிறது. அதைக் காட்டி கிளைமைத் தள்ளுகிறார்கள். சாதாரணப் பங்கில் 20 தவிர வேறு இல்லாத நாட்டில் 10 ஊற்றச் சொல்லி ஒரு மிஷினை விற்பது நியாயமா? அந்த நிபந்தனையை யாராலும் கடைப்பிடிக்க முடியாது என்று தெரிந்தே எழுதுகிறார்கள். நான் அந்தக் கம்பெனிப் பிரதிநிதியிடம் நேரடியாகக் கேட்டேன். "மேலே சொல்றோம் சார்." மேலே எங்கே, மலை மேல் இருக்கிற வண்டன்மேட்டிலா?

என் கடையில் விற்ற மிஷினுக்கு முதல் வருஷம் ஒரு முறை டயாஃப்ரமும் பெட்ரோல் ட்யூபும் இலவசம். நாள் கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக அணையும் வரை ஓட்டிவிட்டு வைக்கச் சொல்கிறேன். செய்தவர்கள் மிஷின் திரும்பி வரவில்லை.

ஆகஸ்ட் 20

வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்வி. பிப்ரவரியில் தள்ளுபடியில் வாங்கி ஜூனில் முதன்முதலாக இழுப்பவர் நான்கு மாதத்தைச் சும்மா இழக்கிறார். 2024ல் மத்திய நுகர்வோர் துறை ஃபிரிஜ், ஏசி மாதிரியான பொருள்களின் தயாரிப்பாளர்களிடம் வாரண்டியை மாட்டிக் கொடுத்த நாளிலிருந்து கணக்கிடச் சொன்னது. நம் மிஷினுக்கு அப்படி ஒரு பேச்சு வரவில்லை. கம்பெனி வாரண்டி பில் தேதியிலிருந்துதான். என் சொந்த வாக்கு மட்டும் முதல் தடவை ஓட்டிய தேதியிலிருந்து, பில்லிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஓட்டினால். ஓட்டிய அன்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பச் சொல்வேன். குழந்தை, நாய், மாமியார் எல்லாம் வீடியோவில் வருவார்கள், மிஷின் ஓரமாகத் தெரியும். பரவாயில்லை.

கம்பெனி ஆன்லைன் பதிவு கேட்டால் வாடிக்கையாளரிடம் விடாதீர்கள். கவுண்டரிலேயே நீங்கள் பதிந்து கொடுத்துவிடுங்கள். பதியாத மிஷினுக்குக் கம்பெனி கையை விரித்தால், வாங்கியவர் பார்ப்பது உங்கள் முகத்தை.

செப்டம்பர் 24

22ஆம் தேதி முதல் மருந்து தெளிக்கும் கருவிக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 ஆகிவிட்டது. நல்லது. ஆகஸ்டில் வாங்கியவர்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். "அண்ணாச்சி, அந்த ஏழு சதவீதத்தைத் திருப்பிக் கொடுங்க." பில் போட்ட அன்றைய வரி அன்றையது என்று சொன்னால் புரிகிறது. ஒருவர் மட்டும் தன் மிஷினில் திடீரென்று ஒரு குறையைக் கண்டுபிடித்து, மாற்றிப் புது பில் போடச் சொன்னார். வாரண்டியில் மாற்றினால் புது பில்லே கிடையாது, ஜூன் 16 பார்க்கவும். குறையும் அதற்குப் பிறகு சரியாகிவிட்டது.

அக்டோபர் 27

நெடுங்கண்டம், குமுளி பக்கம் இந்த மாதம் நடுவில் வெள்ளம் பார்த்திருப்பீர்கள். சேற்றில் மூழ்கிய மிஷின்கள் வந்து குவிந்து கிடக்கின்றன. எந்த வாரண்டியிலும் வெள்ளம் வராது, என்னுடையதிலும் இல்லை. கூலியை விட்டுவிட்டேன், பாகத்துக்கு மட்டும் வாங்கின விலை. இதை வாரண்டி என்று எழுதி வைக்கக் கூடாது, எழுதினால் அடுத்த மழைக்கு ஆற்றில் விழுந்ததெல்லாம் வரும். எழுதாமல் செய்துவிட்டுப் போக வேண்டியது.

மூழ்கிய மிஷினை வாங்கியவர் செய்யக் கூடாத ஒன்று: ஓடுகிறதா பார்க்கலாம் என்று கயிற்றை இழுப்பது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளையும், மணல் இருந்தால் சிலிண்டர் கீறும். பிளக்கைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து வடித்து, கொஞ்சம் ஆயில் விட்டுக் கொண்டுவாருங்கள்.

நவம்பர் 12

இப்போது என் பில்லின் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அப்படியே தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கம்பெனி வாரண்டி கம்பெனி நிபந்தனைப்படி. அதை வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு, செலவு உங்களுக்கு இல்லை. 30 நாளுக்குள் தயாரிப்புக் குறை தெரிந்து இரண்டு முறை சரிசெய்தும் தீராவிட்டால் மாற்று மிஷின் அல்லது பணம், உங்கள் விருப்பம். சீல், வால்வு, டயாஃப்ரம், கயிறு, பிளக் எங்கள் கடையில் எப்போதும் இருக்கும். கொண்டுவந்த அன்றே மாற்றித் தராவிட்டால் அந்தப் பாகம் இலவசம். பிரிப்பது உங்கள் முன்னால். ஆயில் கலக்காதது, கழுவாமல் அரித்தது, பிளேடு கார்டு கழற்றியது இதில் சேராது. ஏன் சேராது என்பதை உடைந்த பாகத்தைக் காட்டிச் சொல்வோம். இந்த மாடலை நாங்கள் விற்பதை நிறுத்திய பிறகும் ஐந்து வருஷம் மேலே சொன்ன பாகங்கள் கிடைக்கும்."

கடைசி வரியைத்தான் எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள். இத்தனை வருஷம் உதிரிபாகம் வைத்தே ஆக வேண்டும் என்று எல்லாப் பொருளுக்குமான பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. 2022ல் மத்திய அரசு பழுதுநீக்கும் உரிமை பற்றி ஆராயக் குழு போட்டபோது விவசாயக் கருவியையும் அதில் சேர்த்தது. அந்த வருஷ டிசம்பரில் அதற்கென்று ஒரு இணையதளமும் வந்தது. பெரிய கம்பெனிகள் அதில் விவரம் போட்டிருக்கின்றன. 52 சிசி ஸ்டிக்கர் மிஷினுக்கு அங்கே என்ன இருக்கும்? அதனால் நானே ஐந்து வருஷம் என்று எழுதிவிட்டேன். எழுதும் முன் சப்ளையரிடம் ஐந்து வருஷத்துக்கான டயாஃப்ரமும் கயிறும் மொத்தமாக வாங்கிப் போட்டேன். ரப்பர் சாமான் அவ்வளவு நாள் தாங்குமா என்று பட்டறைப் பையன் கேட்கிறான். நியாயமான கேள்வி. ரப்பரை மட்டும் வருஷாவருஷம் சுழற்றி, பழசை ரிப்பேரில் தீர்த்துவிட்டுப் புதிதை உள்ளே வைக்கிறோம்.

நவம்பர் 14

"கொண்டுவந்த அன்றே மாற்றாவிட்டால் இலவசம்" என்பதைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் ஷட்டர் போடும் நேரத்தில் மிஷினோடு வருகிறார்கள். "மதியம் 2 மணிக்குள் கொண்டுவந்தால்" என்று சேர்த்திருக்கிறேன்.

நவம்பர் 30

கேள்வி கேட்ட தம்பி கடை திறந்துவிட்டாராம், ஒரு வருஷம் என்றே போட்டிருக்கிறாராம். வாரண்டி உள்ள மிஷினை வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றுவிட்டால் வாக்கு யாருக்கு என்று கேட்கிறார். கம்பெனி வாரண்டி அவரவர் நிபந்தனை, பல கார்டுகளில் முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்று இருக்கும், படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். நம் வாக்கை மிஷின் நம்பரோடு கட்டிவிடுங்கள். பில்லும் நம்பரும் ஒத்துப்போனால் யார் கொண்டுவந்தாலும் கொடுங்கள். ஏலத்தோட்டம் குத்தகை மாறும்போது மிஷினும் கூடவே கைமாறும், புதுக் குத்தகைக்காரர் அடுத்த மிஷினை எங்கே வாங்குவார் என்பது அந்த முதல் வால்விலேயே முடிவாகிவிடும். நம்பர் தகட்டை மட்டும் கழற்றி வேறு மிஷினில் ஒட்டிக்கொண்டு வருகிறார்களா பாருங்கள். வருவார்கள். ரிவெட்டைப் பாருங்கள்.